நைட் ஷிஃப்ட் போன மீன் தொட்டி

மெர்சி, ஜோயல், இது உங்கள் இரண்டு பேருக்கும். பெங்களூர் வீட்டில் புதிதாக மீன் தொட்டி வைத்து, செடியெல்லாம் நட்டு, மாதம் முடிவதற்குள் அது கீரைக் கடைசல் மாதிரி ஆகிவிட்டது என்று வீடியோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். எந்த மருந்து ஊற்றினால் பாசி போகும் என்று ஜோயல் கேட்டான். போனில் சொன்னால் மறந்துவிடும், எழுதி அனுப்புங்கள் என்று மெர்சி சொன்னாள். இத்தனை வருஷம் ஊரார் வீட்டுத் தொட்டிகளை நான் கழுவினபோது ஒருநாளாவது கூட வந்து பார்த்தீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ரிட்டயர் ஆன மனுஷனிடம் பிள்ளைகள் தொழில் விஷயமாகச் சந்தேகம் கேட்பதே பெரிய மரியாதை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கதை வரும். கதையைத் தாண்டிக் குதித்து மருந்தை மட்டும் தேடாதீர்கள். மருந்து கிடையாது.

அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் மெர்சி "பிசினஸ்" என்பாள். ஜோயல் "டெக்னீஷியன்" என்பான். நான் செய்தது அடுத்தவர் வீட்டுப் பாசியைச் சுரண்டுகிற வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அந்தப் பாசிதான்.

அதற்கு முன்னால் கொஞ்ச காலம் தங்கச் சுரங்கத்தில் பம்பு செக்ஷனில் ஹெல்ப்பராக இருந்தேன். சுரங்கத்தை மூடினார்கள். ராபர்ட்சன்பேட்டையில் சிஸ்டரம்மா மீன் கடைக்கு ஆள் தேடுகிறார் என்றார்கள். சாப்பிடுகிற மீன் இல்லை, பார்க்கிற மீன். போனேன். என்ன தெரியும் என்று கேட்டார். தண்ணீரை மேலே ஏற்றத் தெரியும் என்றேன். இறக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். என் இன்டர்வியூ அவ்வளவுதான். வேலை பழகின கதையெல்லாம் வேண்டாம். ஒரு வருஷம் கண்ணாடி துடைத்தேன். அடுத்த வருஷம் டியூபை வாயில் வைத்துத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி இறக்கினேன். அதில் எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

சிஸ்டரம்மாவின் பெயர் ரோஸ்லின். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் மீன் கடை வைத்தார். ஆஸ்பத்திரி அவரை விட்டுவிட்டது, அவர்தான் ஆஸ்பத்திரியை விடவில்லை. தொட்டி என்று சொல்ல மாட்டார், பேஷண்ட் என்பார். தண்ணீர் மாற்றினால் டிரெஸ்ஸிங். தொட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அட்மிட். தேறிப்போனால் டிஸ்சார்ஜ். மீன் செத்தால் மட்டும் ஒரு பெயரும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார்.

ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்தவுடனே தொட்டிக்குள் கையை விடக் கூடாது என்பது அவர் சட்டம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்காரர் கொடுக்கிற டீ ஆறிப்போகிற வரைக்கும் நிற்க வேண்டும். இலையில் என்ன இருக்கிறது, கண்ணாடியில் எந்த மூலையில் பச்சை, மீன் எங்கே ஒதுங்குகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். அதனால் நான் என் சர்வீஸில் சூடான டீயே குடித்ததில்லை. பிறகு கையைக் கழுவ வேண்டும், ஆனால் சோப்பு போடக் கூடாது, மீனுக்கு ஆகாது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் சிஸ்டரம்மா என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பார். சோப்பு வாசம் வந்தால் அன்றைக்கு அந்தக் கைக்கு லீவு, ஒரு கையால்தான் வேலை. உங்கள் அம்மாவுக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. கல்யாணமான புதிதில், இன்னொரு பொம்பளை மோந்து பார்க்கிற கை என்று எனக்குச் சாப்பாடு போட யோசித்தாள்.

வேலை முடித்து வந்தால் சிஸ்டரம்மா கேட்பதெல்லாம் வெளிச்சம் எவ்வளவு, தீனி எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்றியது என்பதுதான். செடி தின்றதுபோக வெளிச்சத்திலும் தீனியிலும் எது மிச்சமோ அதைத் தின்ன வருவதுதான் பாசி. புதிதாக நட்ட செடி வேர் பிடிக்கிறவரை புது மருமகள் மாதிரி கொஞ்சமாகத்தான் சாப்பிடும். அதனால் புதுத் தொட்டியில் மிச்சம் அதிகம், பாசியும் அதிகம். உங்கள் தொட்டியில் நடந்திருப்பது இதுதான். பயப்படாதீர்கள்.

பங்காருபேட்டையில் ஸ்டேஷனுக்கு எதிரில் மெஸ் வைத்திருந்த ஒருவர், சாப்பிட வருகிறவர்கள் தெருவிலிருந்தே பார்க்கட்டும் என்று தொட்டியை ஜன்னலில் வைத்திருந்தார். காலை வெயில் முழுக்க அதன்மேல். தள்ளி வையுங்கள் என்றால், ஜோசியர் குறித்துக் கொடுத்த இடம், நகர்த்த முடியாது என்றார். கடைசியில் அவருடைய கட்டம் போட்ட லுங்கியைத் தொட்டியின் முதுகுப் பக்கம் கட்டினேன். பாசி போய்விட்டது. ஆனால் மெஸ்ஸுக்குள் லுங்கி கட்டின தொட்டியைப் பார்த்து, முதலாளி குளிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் காசு கொடுக்கக் காத்துக்கொண்டிருந்தார்களாம். உங்கள் தொட்டி ஜன்னல் பக்கம் இருந்தால் முதலில் நகர்த்துங்கள். ஜோசியரைக் கேட்க வேண்டாம்.

இப்போது ஸ்கெலட்டன் கேஸுக்கு வருகிறேன். என் சர்வீஸில் என்னைத் திணறடித்தது அந்த ஒன்றுதான்.

ஸ்கெலட்டன் லைனில், சுரங்க ஆட்களுக்குக் கட்டின வரிசை வீடு ஒன்றில் பெரியசாமி அண்ணன் இருந்தார். சுரங்கத்துக்குள்ளே முப்பது வருஷம் இருந்து வெளியே வந்தவர். அவர் சம்சாரம் சரோஜா அக்கா. ஒரே பையன் வேலு. நரசாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து கூட்டிப்போகும், காலையில் கொண்டுவந்து விடும். பகல் முழுக்கத் தூங்குவான். அந்தப் பையன் அம்மாவுக்கென்று ஆசையாகச் செடித் தொட்டி வாங்கி வைத்தான். அதைப் போட்டோ எடுத்துப் போய்க் கம்பெனியில் காட்டினான். அதற்குள் பச்சை பிடித்திருந்தது. இன்னா வேலு, வீட்ல ரசத்துல மீனு வளக்கறீங்களா என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவன் நேராகக் கடைக்கு வந்தான். சிஸ்டரம்மா என்னை அனுப்பினார்.

முதல் தடவை போய் நின்றேன், பார்த்தேன். கண்ணாடியில் பச்சை, இலையில் முடிமுடியாகப் பாசி, தண்ணீரும் கலங்கல். லைட் எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் ஒரு ஷிஃப்ட், எட்டு மணி நேரத்துக்குமேல் எரியக் கூடாது என்று சொன்னேன். அந்த வீட்டில் அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பெரியசாமி அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். வேலையில்லாமல் இருந்தவருக்குப் பொறுப்பு வந்துவிட்டது. காலையில் குளித்து, சட்டை போட்டு, தலை வாரி, பழையபடி டூட்டிக்குப் போகிற மாதிரி வந்து சுவிட்சைப் போடுவார். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஷிஃப்ட் முடிந்ததும் எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "இன்னிக்கு வேல சாஸ்தி" என்று சொல்லி டீ கேட்பாராம்.

அடுத்த வாரம் போனால் பச்சை குறையவில்லை. இன்னும் அடர்த்தி.

பாசி தின்ன சக்கர் மீன் ஒன்று விட்டிருந்தேன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டுமே, அது. போய்ப் பார்த்தால் அது ஒரு மூலையில் உருண்டையாக, அசையாமல் கிடந்தது. அண்ணன் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார். "ஒரே எடத்துல ஒட்டிக்கினு கீது, வேல மட்டும் செய்யாது, பேரு கரெக்ட்டுதான?" என்றார். ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரித்தால், பாவம் இது போய்ப் பாசியைத் தின்னுகிறதே என்று சரோஜா அக்கா தினமும் அதற்குத் தோசை விள்ளலும் வெள்ளரிக்காயும் போட்டுக்கொண்டிருக்கிறார். தோசை கிடைத்தால் யார் பாசியைத் தின்பார்கள்? நானே தின்ன மாட்டேன்.

இன்னொன்றும் நடந்திருந்தது. செடி நன்றாக மூச்சு விடட்டும் என்று வேலு எங்கேயோ வீடியோ பார்த்து, ஒரு பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, அதிலிருந்து டியூப் வழியாகத் தொட்டிக்குக் காற்று விட்டிருந்தான். நல்ல முறைதான், தப்பில்லை. ஆனால் அந்த பாட்டில் புளித்து வாசம் வந்ததும் சரோஜா அக்கா வேறு விதமாக நினைத்துவிட்டார். வீட்டுக்காரர் அலமாரிக்குப் பின்னால் சரக்கு காய்ச்சுகிறார் என்று பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். அண்ணன் செய்யாத குற்றத்துக்கு இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்திருக்கிறார். "மெய்யாலுமே காச்சியிருந்தாகூட இவ்ளோ திட்டு வாங்கியிருக்க மாட்டேன் சாலு" என்று என்னிடம் அழாத குறை. சாலு என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

தோசையை நிறுத்தினேன். பாதித் தண்ணீர் மாற்றினேன். பாசி பிடித்த இலைகளைக் கத்தரித்தேன். வேகமாக வளர்கிற செடி இன்னும் கொஞ்சம் நட்டேன், மிச்சத்தை அது தின்னட்டும் என்று. கடைசியாக, இருட்டு வைத்தியம். லைட்டையும் தீனியையும் நிறுத்தி, மூன்று நாள் தொட்டியைக் கம்பளியால் மூடி வைப்பது. செடியும் மீனும் தாங்கும், பாசி தாங்காது. எந்தத் தொட்டியும் அதில் தெளியாமல் இருந்ததில்லை. அண்ணனுடைய பழைய கம்பளியையே வாங்கி நாலு பக்கமும் சொருகிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்துக் கம்பளியை எடுத்தால் ரசமேதான். இன்னும் கொத்தமல்லி தூவின மாதிரி.

வேலு தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தான். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையிலிருந்து கூட வேலை செய்கிற ஒருவன் வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவான், பேசிவிட்டேன் என்றான். அம்மாவுக்காக வாங்கினேன், அம்மாவுக்கே வேலை வைக்கிறது என்றான்.

நான் கிளம்பும்போது சரோஜா அக்கா வாசல் கேட் வரைக்கும் பின்னால் வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "எப்பிடியாச்சும் பண்ணு தம்பி. அது போச்சுன்னா எனக்கு ராத்திரிக்குத் தொணையே கெடையாது" என்றார். ராத்திரிக்குத் துணை என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. மீன்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் சொன்னேன். சிஸ்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, வார்டு ரவுண்டுக்கு டாக்டர் ஏன் காலையில் சீக்கிரமே வருகிறார் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். பேஷண்டுக்கு முகம் கழுவிப் பவுடர் போடுவதற்கு முன்னால் பார்க்கத்தான் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் போனேன். வேலு அப்போதுதான் வந்து குளித்துக்கொண்டிருந்தான். அண்ணன் இன்னும் டூட்டிக்குத் தலை வாரவில்லை. தொட்டி இருட்டாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். இலை நுனியெல்லாம் முத்து முத்தாகக் குமிழி. செடி வெளிச்சத்தில் வெகுநேரம் வேலை செய்தால்தான் அப்படிக் குமிழி விடும். இரவெல்லாம் தூங்கி எழுந்த செடியில் அது இருக்கவே இருக்காது. கட்டின கையை அவிழ்த்து லைட் மூடிமேல் வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

சரோஜா அக்கா டீயோடு நின்றார். அவரே சொன்னார்.

"நான்தான் தம்பி போட்டேன்."

"ராத்திரி முழுக்கவாக்கா?"

"வேலு வர்ற வரைக்கும்."

அண்ணன் உள்ளேயிருந்து, "இது அந்தக் காலத்துலேர்ந்து கீது சாலு" என்றார். அவர் நைட் ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கின காலத்தில், லிஃப்ட் கூண்டு அவரை மேலே கொண்டுவந்து, அவர் வீட்டுப் படி ஏறுகிறவரை சரோஜா அக்கா வீட்டு விளக்கை அணைக்க மாட்டார். லைனில் எந்த வீட்டிலும் அணைக்க மாட்டார்கள். இப்போது பையன் நைட் ஷிஃப்ட் போகிறான். குண்டு பல்பு எரிந்தால் அண்ணனுக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால் தொட்டி வந்தபிறகு, அண்ணன் தூங்கினதும், அக்கா அந்த லைட்டையே போட ஆரம்பித்திருக்கிறார். வேலு செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவார். அவனுக்கே தெரியாது.

"அவன் ஒண்ணும் பூமிக்குள்ள போகலன்னு எனக்கும் தெரியுது தம்பி" என்றார் அக்கா. "கைதான் சுவிட்சு கிட்ட போக மாட்டேங்குது. மீனும் முழிச்சுக்கினு கீதா, நானும் முழிச்சுக்கினு கீறேன்."

கம்பளி போட்டிருந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ராவுல எடுத்துட்டேன். இந்த வீட்ல ஒருத்தர் இருட்டுல இருந்தது போதாதா?"

அக்கா டீயை என் கையில் கொடுத்தார். பிறகு பெரியசாமி அண்ணன்தான், "அப்ப நான் டே ஷிஃப்ட்டு, இவ நைட் ஷிஃப்ட்டு. மீனு மட்டும் ரெண்டு ஷிஃப்ட்டும் பாத்துக்கினு கீது. ஓவர்டைம் குடுக்கணுமேபா" என்றார். அக்காவே சிரித்துவிட்டார்.

எனக்கு அந்த ஓவர்டைமில்தான் பிடி கிடைத்தது. தொட்டிக்குத் தேவை ஒரு ஷிஃப்ட் வெளிச்சம். அது பகலாக இருக்க வேண்டும் என்று எந்தச் செடியும் கேட்கவில்லை. நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டால்? டிவியை அணைத்ததும் தொட்டி லைட்டைப் போடட்டும், வேலு வந்ததும் அணைக்கட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம்கூடப் படாமல் கம்பளி போர்த்திவிட்டால், வேலு தூங்குகிற நேரம் தொட்டியும் தூங்கும். இதைச் சொன்னதும் அக்கா முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது.

அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. என் டூட்டியைப் பிடுங்குகிறாயா, யூனியன் இருந்தால் இப்படிச் செய்வாயா என்று சண்டைக்கு வந்தார். டே ஷிஃப்ட் கம்பளிக்கு நீங்கள்தான் இன்சார்ஜ், யாரும் திறந்து பார்க்காமல் காவல் இருக்க வேண்டும் என்றேன். அப்படியானால் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டை ஆள் தொட்டியை எடுக்க வந்துவிட்டான். வேலு தூங்கிக்கொண்டிருந்தான். இன்சார்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றதெல்லாம் அண்ணன் வாயால் நான் கேட்டது. உள்ளே ஆள் தூங்குது, சத்தம் போடாதே என்றாராம். வேலுவை எழுப்ப வேண்டாம் அங்கிள், தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றானாம் அவன். "அதுவும்தான் தூங்குது, நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து கீது" என்று கம்பளியைக் காட்டினாராம். அந்தப் பையன் கம்பளியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், அடுத்த ரயிலுக்கே போய்விட்டான்.

சாயங்காலம் எழுந்த வேலு, ஆள் வந்தானா என்று கேட்டிருக்கிறான். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், குண்டு பல்பு காலத்திலிருந்து. வேலு கேட்டுக்கொண்டே பையை எடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். மறுநாள் காலையில் வந்தான். செருப்பைக் கழற்றினான். அக்கா எழுந்திருப்பதற்குள் அவனே போய் லைட்டை அணைத்து, கம்பளியை எடுத்து நாலு பக்கமும் சொருகினான். "தூங்குமா, வந்துட்டேன்" என்றானாம். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பையன் என் டூட்டியில் கை வைக்கிறான் என்று இன்சார்ஜ் கடை வரைக்கும் வந்து என்னிடம் கம்ப்ளெயிண்ட் கொடுத்தார்.

தண்ணீர் உடனே தெளிந்துவிடவில்லை. வாராவாரம் போய்க் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன், கண்ணாடியைச் சுரண்டினேன். மெதுவாகத்தான் தெளிந்தது. சூப்பர்வைசர்கூடத் தோசை வராது என்று தெரிந்ததும் வேலையில் இறங்கிவிட்டார்.

இதைச் சொன்னபோது சிஸ்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவரும் எத்தனையோ வருஷம் நைட் டூட்டி பார்த்தவர். நானே வந்து பார்க்கிறேன் என்றார். ஆட்டோ வைத்துக்கொண்டு ஸ்கெலட்டனுக்குக் கூட்டிப்போனேன். கையைக் கட்டிக்கொண்டு கம்பளிக்கு முன்னால் நின்றார். அண்ணன் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், அதுவும் கொஞ்சமாக, சீக்கிரம் என்கிற மாதிரி. உள்ளே தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நீலமும் சிவப்புமாக மின்னுகிற நியான் மீன்கள் தூக்கத்தில் நிறம் வெளுத்துச் செடிக்குள் அசையாமல் நின்றன. சிஸ்டரம்மா குரலை இறக்கி, "டிஸ்சார்ஜ்" என்றார். பிறகு அக்கா கொடுத்த டீயை ஆறுவதற்குள் குடித்தார்.

ஆகையால் ஜோயல், மருந்துக் கடைக்குப் போகாதே. முதலில் நீயும் மெர்சியும் ஒருநாள் உட்கார்ந்து, அந்த லைட்டை யார் எப்போது போடுகிறீர்கள், யார் எப்போது தீனி போடுகிறீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நீ வந்ததும் ஒரு பிடி, அவள் வந்ததும் ஒரு பிடி என்றுதான் நடக்கிறது, பந்தயம் கட்டுகிறேன். ஒரு ஷிஃப்ட் வெளிச்சம், அதற்கும் கொஞ்சம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிடி தீனியில் பாதி. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர். பிறகு பொறுமை. கையை மோந்து பார்க்க நான் வருகிறேன்.

இன்னும் ஒன்று. அந்தத் தொட்டி டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு, சிஸ்டரம்மாவை ராபர்ட்சன்பேட்டையில் இறக்கிவிட்டு, நான் கோரமண்டலில் நம் வீட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் டியூஷனில். உங்கள் அம்மா சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேலே பார்த்தேன். பெங்களூர் வீடுகளுக்கு சர்வீஸ் போய் நான் கடைசி ரயிலில் வருகிற நாளெல்லாம் அந்த வாசல் பல்பு எரிந்துகொண்டிருக்கும். எரிகிறதே என்று அணைத்துவிட்டு உள்ளே போவேன். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று நினைத்ததே இல்லை.

ஸ்டூலை எடுத்து வந்து ஏறினேன். பல்பு முழுக்கத் தூசியும் ஈசல் றெக்கையும். கழற்றி, பையிலிருந்த தொட்டி துடைக்கிற துணியால் நன்றாகத் துடைத்தேன். ஊதிப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்து மாட்டினேன். இறங்கி சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. கூட்டம் முடிந்து அவள் வர நேரமாகும். அணைக்காமல் உள்ளே போனேன்.